மூன்றாவது குச்சி

டிசம்பர் மாதக் கடைசியில், காலைப் பனிமூட்டம் பத்து மணிக்கு மேல் மெல்ல விலகி, இளவெயில் நகரத்தின்மீது பரவத் தொடங்கியிருந்த ஒரு நாளில், அரையாண்டு விடுமுறைக்காக நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த என் தங்கையின் பேத்தியை அழைத்துக்கொண்டு, தில்லி கனாட் பிளேஸுக்கு அருகே நாடாளுமன்றச் சாலையில் இருக்கும் ஜந்தர் மந்தருக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண். இரண்டு ஸ்வெட்டர்களும் ஒரு குரங்குக் குல்லாவும் அவளைப் பந்துபோல் ஆக்கியிருந்தன. செந்நிறச் சுவர்களோடு வானத்தை நோக்கி ஏறி நிற்கும் அந்தப் பெரிய யந்திரங்களைப் பற்றி நான் ஏதோ விரிவாகச் சொல்லிக்கொண்டிருக்க, அவளோ அவற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டு, புல்தரையில் விழுந்து கிடந்த தன் நிழலையே உற்று நோக்கிக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, இப்ப மத்தியானம்தானே? எங்க ஊர்ல இந்நேரத்துக்கு நிழல் கொஞ்சூண்டுதான் இருக்கும். இங்க என்னைவிட நீளமா இருக்கே, ஏன்?"

"பூமி உருண்டையா இருக்கறதாலதாம்மா."

"உருண்டைன்னு நீங்க பார்த்தீங்களா?"

நான் பார்த்ததில்லை. 1984-ஆம் ஆண்டில் ராகேஷ் சர்மா பார்த்தார். 2025-இல் சுபான்ஷு சுக்லா பார்த்தார். அவர்களைப் போல விண்வெளிக்குச் சென்று திரும்பிய சில நூறு பேர் பார்த்திருக்கிறார்கள். மற்ற நாமெல்லாம், வாத்தியார் சொன்னார், புத்தகத்தில் படம் இருந்தது என்ற அளவில் நம்பிவிட்டு, பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டு, அதன் பிறகு அதைப் பற்றி ஒரு கணமும் சிந்திக்காமல் ஆயுளைக் கழித்து விடுகிறவர்கள். நம் நாட்டுத் தர்க்க சாஸ்திரக்காரர்கள் ஒரு விஷயத்தை அறிவதற்கான வழிகளுள் பிரத்தியட்சம், அநுமானம், ஆப்தவாக்கியம் என்ற மூன்றை முக்கியமாகச் சொன்னார்கள்: கண்ணால் காண்பது ஒன்று, கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது மற்றொன்று, நம்பத் தகுந்த பெரியோர் சொன்னதை ஏற்பது இன்னொன்று. பூமியின் வடிவத்தைப் பொறுத்தவரை நம்மில் பெரும்பாலோர் மூன்றாவது வழியிலேயே நின்றுவிட்டோம். ஆனால் ஒரு குச்சியும் ஒரு நூலும் கையில் இருந்தால், விண்வெளிக்குப் போகாமலேயே, யாரும் இரண்டாவது வழிக்கு ஏறிவிடலாம். அந்தச் சிறுமி கேட்காமலேயே அதன் வாசலில் வந்து நின்றிருந்தாள்.

அவள் உயரம் நாலடி. டிசம்பர் கடைசியில் தில்லியின் உச்சிப்பொழுதில் அவள் நிழல் ஐந்தடிக்கும் சற்று அதிகம்; அதே நாளில், அதே வேளையில், நாகர்கோவிலில் அவள் வீட்டு முற்றத்தில் நின்றிருந்தால் அது இரண்டரை அடிதான் இருக்கும். இரண்டு ஊரிலும் மேலே நிற்பது ஒரே சூரியன். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், எழுபத்தேழாம் பாகையை ஒட்டி, ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்றாக இருப்பவை; ஆகையால் உச்சிப்பொழுதும் இரண்டிலும் ஓரிரு நிமிஷ வித்தியாசத்தில் ஒன்றாகவே வந்து சேர்கிறது. ஊர் மாறியது தவிர வேறொன்றும் மாறவில்லை, நிழல் மட்டும் இரட்டித்துவிட்டது.

நாங்கள் நின்றிருந்த இடமும் இந்தக் கேள்விக்கென்றே கட்டியது போன்ற இடம். முகலாய சக்ரவர்த்தி முகம்மது ஷாவின் காலத்தில், ஆம்பேர் நாட்டு அரசர் சவாய் ஜெயசிங் 1724-ஆம் ஆண்டில் எழுப்பிய இந்த வானியல் ஆராய்ச்சிக் கூடத்தின் நடுநாயகமான சம்ராட் யந்திரம், ஏறத்தாழ எழுபதடி உயரமுள்ள ஒரு முக்கோணச் சுவர். அதன் சாய்ந்த விளிம்பு தரையோடு செய்யும் கோணம் 28 பாகைக்குச் சற்று அதிகம்; அதுதான் தில்லியின் அட்சரேகை. அந்த விளிம்பின் வழியே இரவில் பார்வையை ஓட்டினால் அது துருவ நட்சத்திரத்தின் அருகே போய் முட்டும். ஜெயசிங் இதே யந்திரத்தை ஜெய்ப்பூரிலும் காசியிலும் உஜ்ஜயினியிலும் கட்டினார் (மதுராவில் கட்டியது அழிந்துவிட்டது). ஒரே அரசர், ஒரே வகை யந்திரம், ஒரே நோக்கம். ஆனால் சாய்வு மட்டும் ஊருக்கு ஊர் வேறு. ஜெய்ப்பூரில் 27 பாகை, காசியில் 25 பாகை சொச்சம், உஜ்ஜயினியில் 23 பாகை. தெற்கே வர வர அந்தச் சுவர் படுத்துக்கொண்டே வருகிறது. கன்னியாகுமரியில் ஒன்று கட்டியிருந்தால் எட்டே பாகையில், ஏறக்குறைய ஒரு வீட்டுத் திண்ணையின் சறுக்கலைப் போல, தரையோடு தரையாகக் கிடந்திருக்கும். சுண்ணாம்பும் கல்லும் கொண்டு கட்டிய இந்தச் சுவர்கள் ஒவ்வொன்றும் வானத்தில் ஒரே புள்ளியைத்தான் சுட்டுகின்றன. கீழே இருக்கிற தரைதான் ஊருக்கு ஊர் சாய்ந்துகொடுத்திருக்கிறது.

ஜெயசிங்குக்கு இது புதிய செய்தியும் அல்ல. அவருக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன், கி.பி. 499-இல் ஆரியபடீயத்தை இயற்றிய ஆரியபடர், பூமியை ஒரு கோளமென்று சொல்லி, கடம்பம்பூவின் உருண்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் மகரந்தக் கேசரங்கள் நிறைந்திருப்பதுபோல, இந்தக் கோளத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஜீவராசிகள் நிறைந்திருக்கின்றன என்று உவமையும் காட்டினார். 1150-இல் சித்தாந்த சிரோமணியை எழுதிய பாஸ்கராசாரியரோ, சாமானியன் எழுப்பும் ஆட்சேபத்துக்கே நேராகப் பதில் சொன்னார்: ஒரு பெரிய வட்டத்தின் நூறில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது நேர்கோடாகவே தோன்றும், பூமி மிகப் பெரிது, மனிதன் மிகச் சிறியவன், ஆகவே அவன் நிற்கும் இடம் அவனுக்குத் தட்டையாகத் தோன்றுகிறது. அதோடு நில்லாமல், உஜ்ஜயினி பூமத்திய ரேகையிலிருந்து பூமியின் சுற்றளவில் பதினாறில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது, அந்தத் தூரத்தை அளந்து பதினாறால் பெருக்கினால் சுற்றளவு கிடைக்கும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். நம் தேசத்தில் பூமியின் உருண்டை வடிவம் பஞ்சாங்கக் கணிதத்தின் அஸ்திவாரமாகவே இருந்துவந்திருக்கிறது. கிரகணத்தை முன்கூட்டிச் சொல்லும் ஒவ்வொரு பஞ்சாங்கமும் அதை நம்பியே பிழைத்தது.

தில்லியில் பல்லாண்டு வசித்தும் நான் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயத்தை இங்கே சொல்லத் தோன்றுகிறது. இந்த ஊரில் மத்தியான நிழல் ஒருநாளும் தெற்கே விழாது. கடக ரேகை என்பது இருபத்து மூன்றரைப் பாகை. தில்லி அதற்கு வடக்கே இருப்பதால், சூரியன் இங்கே எந்நாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை. நாற்பத்தைந்து டிகிரி வெயில் மண்டையைப் பிளக்கும் ஜூன் 21 அன்றுகூட, ஒரு மீட்டர் குச்சிக்கு ஒன்பது சென்டிமீட்டர் நிழல் வடக்கே எஞ்சியிருக்கும். சென்னையில் கதை வேறு. அங்கே ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு நாளும், ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி ஒரு நாளும், உச்சிப்பொழுதில் குச்சியின் நிழல் அறவே மறைந்துவிடும். பள்ளிக்கூடங்களில் இப்போது 'நிழலில்லா நாள்' என்று அதைக் கொண்டாடுகிறார்கள். அந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில், சென்னையின் மத்தியான நிழல் தெற்கே திரும்பிவிடும். அதாவது, மே மாதத்தில் ஒரே வேளையில், மயிலாப்பூரில் நிற்கும் அண்ணனின் நிழல் தெற்கேயும், தில்லி கரோல்பாகில் நிற்கும் தம்பியின் நிழல் வடக்கேயும் விழுந்து கிடக்கும். டெலிபோனில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டால் போதும். ஒரு காசு செலவில்லை.

ஆனால் இவ்வளவும் பூமி உருண்டை என்பதற்கு நிரூபணமாகிவிடுமா? இங்கேதான் பாடப்புத்தகங்கள் அவசரப்படுகின்றன என்பது என் எண்ணம். எகிப்தில் அலெக்சாந்திரியா நகரத்து நூலகத்தின் தலைவராயிருந்த எரட்டோஸ்தனீஸ், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், தெற்கே சையீன் என்ற ஊரில் கோடை உச்சிப்பொழுதில் நிழலே விழாதபோது அலெக்சாந்திரியாவில் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு நிழல் சாய்வதை அளந்து, இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரத்தை ஐம்பதால் பெருக்கிப் பூமியின் சுற்றளவைக் கணித்த வரலாற்றை எல்லோரும் படித்திருப்போம். அந்த மேதை பூமியின் உருவத்தை முன்னமே அறிந்தவர். அவர் தேடியது அளவை மட்டுமே. உருவத்தையே சந்தேகிக்கிறவனுக்கு அந்த இரண்டு நிழல்கள் போதமாட்டா. அவன் கேட்பான்: "தெருவிளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் குட்டை நிழல், தள்ளி நிற்கிறவனுக்கு நெட்டை நிழல். அதனால் தெரு உருண்டை என்று ஆகிவிடுமா? தெரு தட்டைதான், விளக்கு பக்கத்தில் இருக்கிறது. சூரியனும் அப்படி ஒரு விளக்காக, சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால்?"

நியாயமான கேள்வி. அவனைப் பார்த்துச் சிரிப்பது பதிலாகாது. இரண்டு குச்சிகளின் நிழலை, உருண்டைப் பூமியும் தொலைதூரச் சூரியனும் என்ற கொள்கையாலும் விளக்கலாம். தட்டைப் பூமியும் கிட்டத்துச் சூரியனும் என்ற கொள்கையாலும் விளக்கலாம். வழக்கைத் தீர்க்க வேண்டுமானால் மூன்றாவது சாட்சி வேண்டும். மூன்றாவது குச்சியை நடவேண்டிய இடம், தில்லிக்கும் குமரிக்கும் நடுவே, எழுபத்தொன்பதாம் தீர்க்கரேகையை ஒட்டியிருக்கும் நாகபுரி.

மார்ச் 20 அல்லது 21, பகலும் இரவும் சமமாகிற விஷுவ தினம். அன்று உச்சிப்பொழுதில், சரியாக ஒரு மீட்டர் உயரமுள்ள குச்சியின் நிழல் கன்னியாகுமரியில் 14.2 சென்டிமீட்டரும், நாகபுரியில் 38.7 சென்டிமீட்டரும், தில்லியில் 54.5 சென்டிமீட்டரும் இருக்கும். கன்னியாகுமரியிலிருந்து நாகபுரி, வடக்கு தெற்காக மட்டும் கணக்கிட்டால், சுமார் 1,445 கிலோமீட்டர். நாகபுரியிலிருந்து தில்லி சுமார் 825. இப்போது தெருவிளக்குக் கொள்கையைப் பரிசோதிப்போம். தட்டையான தெருவில் விளக்கைவிட்டு விலக விலக நிழல் ஒரே சீராக வளர வேண்டும். பத்தடி நகர்ந்தால் இவ்வளவு என்றால், அடுத்த பத்தடிக்கும் அதே அளவு. குமரியிலிருந்து நாகபுரி வரை நிழல் 24.5 சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே ஒரு சென்டிமீட்டர் வளர 59 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. நாகபுரியிலிருந்து தில்லி வரை 15.8 சென்டிமீட்டர் வளர்கிறது. இங்கே ஒரு சென்டிமீட்டருக்கு 52 கிலோமீட்டரே போதுமானதாயிருக்கிறது. குச்சி ஒரு மீட்டர் என்பதால், முதல் கணக்கின்படி சூரியன் 5,900 கிலோமீட்டர் உயரத்திலும், இரண்டாவது கணக்கின்படி அதே நாளில் அதே சூரியன் 5,200 கிலோமீட்டர் உயரத்திலும் இருந்தாக வேண்டும். ஒரு விளக்கு இரண்டு உயரத்தில் தொங்காது.

அதே எண்களை உருண்டைக் கொள்கையின் கையில் கொடுத்துப் பாருங்கள். வரைபடத் தாளில் ஒரு மீட்டரையும் நிழலையும் முக்கோணமாக வரைந்து, பள்ளிக்கூடத்துப் பாகைமானியை வைத்து அளந்தால், சூரியன் உச்சியிலிருந்து விலகி நிற்கும் கோணம் குமரியில் 8 பாகை, நாகபுரியில் 21 பாகை சொச்சம், தில்லியில் 28½ பாகைக்குச் சற்று மேல். குமரி முதல் நாகபுரி வரை 13 பாகைக்கு 1,445 கிலோமீட்டர். நாகபுரி முதல் தில்லி வரை ஏழரைப் பாகைக்கு 825. இரண்டிலும் பாகைக்குச் சுமார் 110½ கிலோமீட்டர்! இரண்டு தனித்தனி வழிகளில் வந்த எண்கள் ஒன்றோடொன்று கைகுலுக்கிக்கொள்கின்றன. அதை 360-ஆல் பெருக்கினால் 39,800 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் என்று எங்கோ மனப்பாடம் செய்த எண், மொட்டை மாடியில் நட்ட குச்சியிலிருந்து எழுந்து வருகிறது.

குச்சியை நடுவதில்தான் விஷயம் இருக்கிறது. ஆகையால் அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். தரை சமமாக இருக்க வேண்டும். தில்லி மொட்டை மாடிகள் மழைநீர் வடிவதற்காகச் சற்றே சாய்த்துக் கட்டப்பட்டவை. எனவே கொத்தனாரிடம் ரசமட்டம் கேட்டு வாங்கி, ஒரு பலகையை அதைக் கொண்டு மட்டப்படுத்தி, அதன்மேல் குச்சியை நிறுத்துங்கள். குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு சொல்லும். அது இல்லையென்றால் நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டாலும் ஆயிற்று. கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டு மணிக்கு அளந்துவிடக் கூடாது. நம் கடிகாரங்கள் எண்பத்திரண்டரைப் பாகை தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகின்றன. தில்லியின் சொந்த உச்சிப்பொழுது மார்ச் மாதத்தில் ஏறக்குறைய 12.29-க்கும், கன்னியாகுமரியில் 12.27-க்கும், நாகபுரியில் 12.21-க்கும் வரும். பன்னிரண்டு மணியிலிருந்தே ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலின் முனையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், புள்ளிகள் குச்சியை நெருங்கிவந்து பிறகு விலகத் தொடங்கும். மிகக் குறுகிய நிழலே வேண்டிய நிழல்.

இனி ஒரு சங்கடம். சூரியன் புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகலமுள்ள வட்டாக இருப்பதால், நிழலின் முனை கூர்மையாக முடியாமல், சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கிக் கரையும். எந்த இடத்தில் புள்ளி வைப்பது என்று கை தயங்கும். ஒரு சென்டிமீட்டர்தானே என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. தில்லி நிழலில் ஒரு சென்டிமீட்டர் தவறினால், மேலே சொன்ன 5,900-க்கும் 5,200-க்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ பாதியை அந்தத் தவறே விழுங்கிவிடும். ஜெயசிங் தம் யந்திரங்களை அவ்வளவு பெரிதாகக் கட்டியது நுட்பத்துக்காகத்தான். ஆனால் யந்திரம் பெரிதாகும்போது நிழலின் மங்கலும் கூடவே பெரிதாயிற்று. சாமானியனுக்கு இதற்கு ஓர் உபாயம் உண்டு. ஒரு தபால் அட்டையில் ஊசியால் துளையிட்டு, குச்சியின் தலையில், துளை சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும்படி ஒட்டிவிடுங்கள். அட்டையின் நிழலுக்கு நடுவே, சிறுநகக்கண் அளவில் ஒரு வெளிச்ச வட்டம் விழும். அது சூரியனுடைய பிம்பமே. அதன் நடுமையத்தை அளந்தால் பிழை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தச் சிறு வட்டம் பலகையின்மேல் கண்ணுக்குத் தெரியும்படி மெல்ல ஊர்ந்து போவதை ஒருமுறை பார்த்தவர்கள், அதைவிட்டு எழுந்துபோக மனம் வராமல் உட்கார்ந்திருப்பார்கள்.

'1,445 கிலோமீட்டர், 825 கிலோமீட்டர் என்கிறாயே, அதை யார் அளந்தார்கள்? அதுவும் ஆப்தவாக்கியம்தானே?' என்று சந்தேகி மறுபடியும் கேட்கலாம். அளந்தவர்கள் நடந்தே அளந்தார்கள். 1802 ஏப்ரல் 10 அன்று, சென்னை பரங்கிமலைக்கு அருகே, வில்லியம் லாம்ப்டன் என்ற அதிகாரி, நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் கோத்துக்கொண்டு, கோபுரங்களையும் குன்றுகளையும் குறிகளாகக் கொண்டு, குமரிமுனையிலிருந்து வடக்கே எழுபத்தெட்டாம் தீர்க்கரேகையை ஒட்டி நாட்டின் முதுகெலும்பையே அளந்தார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலின்மீது, அரை டன் எடையுள்ள கோணமானிக் கருவியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்துவிட்டது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் தம்மை அடைத்துக்கொண்டு, ஆறு வாரம் தம் கையாலேயே அதைத் தட்டி நிமிர்த்திச் சீராக்கினார் என்று சொல்வார்கள். 1823 ஜனவரியில், நாகபுரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வழியில், ஹிங்கன்காட் என்ற ஊரில் அவர் உயிர் பிரிந்தது. அவர் விட்ட இடத்திலிருந்து ஜார்ஜ் எவரெஸ்ட் மசூரி மலைவரை அதைக் கொண்டுபோய் 1841-இல் முடித்தார். பெயர் எழுதப்படாத எத்தனையோ கொடி பிடித்தவர்களும் சங்கிலி இழுத்தவர்களும் காட்டுக் காய்ச்சலில் மாண்டார்கள். அவர்கள் அளந்து சொன்னதில் இன்னொரு நுட்பமும் வெளிப்பட்டது: தெற்கிலிருந்து வடக்கே போகப் போக ஒரு பாகையின் நீளம் சிறிது சிறிதாகக் கூடுகிறது. பூமி துருவங்களில் சற்றே அமுங்கிய உருண்டை என்பதற்கு அது தக்க சான்று. நம் 39,800 முழு நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வந்ததற்கும் அதுவே காரணம்.

பகலில் செய்ததை இரவிலும் செய்யலாம். நிரூபணம் இன்னும் பலமாக விழும். பாகைமானியின் நடுத்துளையில் நூல் கட்டி, ஒரு நட்டைத் தொங்கவிட்டு, அதன் நேர்விளிம்பில் குளிர்பானம் உறிஞ்சும் குழலை ஒட்டி, குழலின் வழியே துருவ நட்சத்திரத்தைப் பார்த்தால், அது அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகை என்று நூல் காட்டும். தில்லியில் 28½, நாகபுரியில் 21, குமரியில் 8; முக்கால் பாகைவரை முன்பின் இருக்கும். தட்டைப் பூமியின்மேல் தொங்கும் விளக்கே அதுவும் என்று கொண்டால், தில்லி நாகபுரி அளவுகளின்படி அந்த நட்சத்திரம் 1,100 கிலோமீட்டர் உயரத்திலும், நாகபுரி குமரி அளவுகளின்படி 320 கிலோமீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டியதாகிறது. இங்கே பாகைமானி அரைப் பாகை தவறினாலும் தீர்ப்பு மாறாது. குமரியில் எட்டே பாகை உயரத்தில், தரைப்புழுதிக்குள் அதைத் தேடிப் பிடிப்பதுதான் சிரமம். மழை பெய்து கழுவிய இரவு வேண்டும்.

தெற்கே பார்த்தால் இதன் மறுபுறம் தெரியும். அகத்தியர் நட்சத்திரம் என்று நாம் சொல்லும் கனோபஸ், பிப்ரவரி மாத முன்னிரவில் நாகர்கோவில் வானத்தில் 29 பாகை உயரத்தில் கம்பீரமாக நிற்கும். தில்லியில் அது ஒன்பது பாகைகூட ஏறாமல், எதிர்வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். 37-ஆம் அட்சரேகைக்கு வடக்கே வாழ்கிறவர்கள் அந்த நட்சத்திரத்தை எந்நாளும் பார்த்ததில்லை. வடக்கிலிருந்து தெற்கே வந்த முனிவரின் பெயரை, தெற்கே வந்தால்தான் நன்றாகத் தெரியும் நட்சத்திரத்துக்கு இட்டவர்களுடைய கண் கூர்மையானது.

மற்றச் சான்றுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சந்திரகிரகணத்தின்போது சந்திரன்மேல் விழும் நிழல் பூமியினுடையது. 2025 செப்டம்பர் 7 இரவு நாடு முழுவதும் தெரிந்த பூரண கிரகணத்திலும் அதன் விளிம்பு வட்டமாகத்தான் இருந்தது. சமையலறைத் தட்டு ஒன்றையும் பந்து ஒன்றையும் டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிச் சுவரில் நிழல் விழச் செய்து பாருங்கள்: எந்தப் பக்கம் திருப்பினாலும் வட்டமாக நிழல் விழுவது பந்துக்கு மட்டுமே. கடற்கரையில் நிற்கிறவர்கள் தூரத்துக் கப்பலின் உடல் முதலில் மறைந்து மேற்பகுதி பின்னால் மறைவதைத் தொலைநோக்கியில் பார்க்கலாம். கரையில் நிற்கும் மனிதனுக்குக் கடலின் அடிவானம் நாலரைக் கிலோமீட்டர் தொலைவிலேயே முடிந்துவிடுகிறது, உயரத்தில் ஏறினால் அது விலகிச் செல்கிறது. வீட்டில் பூகோள உருண்டை இருந்தால், தில்லியையும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவையும் ஒரு நூலால் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வட துருவத்துக்கு அருகே பனிக்கடலின்மேல் போகும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் வழியே விமானத்தைச் செலுத்தியது அந்த நூலின் நியாயத்தைப் பின்பற்றித்தான்.

ஆனாலும் என் மனம் குச்சியிடமே திரும்புகிறது. மற்றவற்றையெல்லாம் பார்த்து ஒப்புக்கொள்ளலாம். இதைக் கையால் செய்யலாம். தலைநகரில் வாழும் தமிழர்களுக்கு இதில் தனியான ஒரு சௌகரியமும் உண்டு. நேர்க்கோட்டின் ஒரு முனையில் நாம் இருக்கிறோம். மறுமுனையில், கோவையிலும் நெல்லையிலும் குமரியிலும், நம் அக்கா தங்கைகளும் சித்தப்பாக்களும் பள்ளித் தோழர்களும் இருக்கிறார்கள். உலகத்தில் பலருக்கு வாய்க்காத பரிசோதனைச்சாலை இது. ஜந்தர் மந்தரைச் சுற்றி எழும்பிவிட்ட உயரமான கட்டிடங்கள் இன்று சம்ராட் யந்திரத்தின்மேல் தம் நிழலைப் போட்டு அதன் வேலையைக் கெடுக்கின்றன. அது செய்துவந்த காரியத்தை நம் மாடிகளாவது செய்யட்டும்.

அன்று மாலை வீடு திரும்பியதும், அந்தச் சிறுமி என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் வாங்கி, நேரங்களையும் அளவுகளையும் குறித்துக்கொண்டாள். விஷுவ தினத்தன்று அவளைக் கன்னியாகுமரிக்கு அழைத்துப்போவதாகத் தங்கை போனில் ஒப்புக்கொண்டிருக்கிறாள். தில்லிக் குச்சியை நான் பார்த்துக்கொள்கிறேன். பலகையும் ரசமட்டமும் தயாராக இருக்கின்றன. இதைப் படிக்கும் நண்பர்கள் தங்கள் தங்கள் ஊரில் ஒரு குச்சியை நட்டு, உறவினர் ஒருவருடன் அளவைப் பரிமாறிக்கொள்ள வேண்டுகிறேன். குறிப்பாக, நாகபுரியில் உங்களுக்குத் தெரிந்தவர் யாரேனும் இருந்தால், மார்ச் மாதம் வருவதற்குள் அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். எங்கள் மூன்றாவது குச்சிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.